ஏழாம் நம்பர் மெஷின்

வினிதாவின் பொய்க்கு இந்த வாரத்தோடு நாலு மாதம் நிறைகிறது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தப் பொய் அத்துப்படி. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மங்கலத்தில் எட்டு விசைத்தறி ஓட்டிய சென்னியப்பன், தொழில் படுத்ததும் எட்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தானும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய், மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். மகளும் நல்லபடியாகவே பாஸ் பண்ணினாள். வேலைதான் வரவில்லை.

கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் இரண்டு வருஷம் இன்டர்வியூவுக்கு அலைந்ததுதான் மிச்சம். "தகவல் சொல்றோம்" என்றவர்களில் ஒருத்தர் கூடத் தகவல் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து, சென்னியப்பன் மொய்யை வைத்த கையோடு பந்தியில் உட்காராமல் திரும்ப ஆரம்பித்தார். கடைசியில், "பேங்க் பரீட்சைக்குப் படி" என்று திருப்பூரில் ஒரு கோச்சிங் சென்டரில் சேரச் சொன்னார்.

வினிதா திருப்பூருக்குப் போனது உண்மை. கோச்சிங் சென்டருக்குப் போனாள் என்பதுதான் பொய். அதற்கு இரண்டு தெரு தள்ளி, தையல் மெஷின் மெக்கானிக் வேலையை நாலு மாதத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி மையத்தில் பேர் கொடுத்துவிட்டாள். அம்மா விஜயகுமாரிக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஸ்பானர் புடிக்கறதுக்கா எட்டுத் தறியையும் வித்தேன்?" என்று அப்பா கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அம்மாவும் மகளும் நாலு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்குப் பயிற்சியின் கடைசி நாள். விஜயகுமாரி பதினெட்டு வருஷமாக, துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் டெய்லராக இருக்கும் பனியன் கம்பெனிக்கே ஒரு மெக்கானிக் தேவைப்பட்டது. பயிற்சி மையத்திலிருந்து ஆறு பேரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஆறு பேருக்கும் அங்கேயே பரீட்சை. ஒருத்தருக்கு வேலை, மற்ற ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வேலை கிடைத்தால், பொய் உடைகிற அன்றைக்கு நிமிர்ந்து நிற்கவாவது ஓர் இடம் இருக்கும். கிடைக்காவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க வினிதாவுக்குத் தைரியம் வரவில்லை.

காலை பஸ்ஸில் விஜயகுமாரி மகளின் காதருகே குனிந்தாள்.

"உள்ள போனா நான் உனக்கு அம்மா இல்ல அம்மிணி. அம்மாக்காரி சிபாரிசுல வந்துட்டான்னு ஒருத்தர் வாயில வரக் கூடாது."

"அப்ப என்னன்னு கூப்படறது?"

"ஊரே எப்படிக் கூப்படுது? அக்கான்னு கூப்புடு."

வினிதாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "சரீங்க்கா," என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, முருகா முருகா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். பரீட்சை எழுதப் போவது மகளா அம்மாவா என்று பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஆயுத பூஜைக்கு விட்ட லீவு முடிந்து அன்றுதான் கம்பெனி திறந்திருந்தது. வாசலில் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. தைப்பதற்குக் காத்திருந்த துணியெல்லாம் வெள்ளை. குழந்தைகள் போடும் சின்னச் சின்ன பனியன்கள். வெள்ளையில் கறை படக் கூடாதென்று, பூஜையன்று மெஷின்களுக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை எல்லாம் காலையிலேயே துடைத்துவிட்டிருந்தார்கள்.

மேனேஜர் அருள்செல்வன் ஆறு பேரையும், தையல் மெஷின்கள் வரிசையாக நின்ற இரண்டாம் லைனுக்கு முன்னால் நிறுத்தினார். பக்கத்தில் ஹெட் மெக்கானிக் முருகவேல். இருபது வருஷமாக அந்தக் கம்பெனி மெஷின்களின் உள்ளும் புறமும் தெரிந்த மனிதர். அது தனக்குத் தெரியும் என்பதை மற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் விடுகிற ரகமும் இல்லை.

"ஆறு மெஷினுக்கும் காலையில நானே ஆளுக்கொரு பழுது வெச்சிருக்கேன்," என்றார். "நாப்பது நிமிஷம். கண்டுபுடிச்சுச் சரி பண்ணோணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் இல்லீங்க," என்று மேனேஜர் குறுக்கே புகுந்தார். "நம்ம கம்பெனி வழக்கம் ஒண்ணு இருக்குது. மெஷின் சரியாயிருச்சுன்னு மெக்கானிக் சொன்னா கணக்குல சேராது. அந்த மெஷினோட டெய்லர் உக்காந்து பத்துப் பீஸ் ஓட்டணும். ஓட்டிப்போட்டு, 'ஓடுதுங்க'ன்னு அவங்க வாயால சொல்லணும். அதுக்கப்புறந்தான் சரி."

சீட்டுக் குலுக்கினார்கள். வினிதா எடுத்த சீட்டில் ஏழு என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஏழாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால், கையில் நூல் கண்டுடன் நின்றுகொண்டிருந்தது சாட்சாத் விஜயகுமாரி.

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வினிதாவுக்கோ அப்பாடா என்றிருந்தது. பத்துப் பீஸை ஓட்டி "ஓடுதுங்க" என்று சொல்லப் போவது பெற்ற தாய். இதை விட என்ன வேண்டும்? அப்படித்தான் அவள் நினைத்தாள், பாவம்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க," என்றாள் அடக்கமாக.

"வாங்க கண்ணு," என்று அம்மா விலகினாள்.

முருகவேல் பின்னாலேயே வந்து நின்றார். "கையெல்லாம் கிரீஸாயிரும் பாப்பா. பரவாயில்லையா?"

"கழுவுனாப் போயிருமுங்கண்ணா," என்று சொல்லிவிட்டு வினிதா மெஷினின் முன்மூடியைத் திறந்தாள்.

ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டிப் பார்த்தாள். தையல் விட்டு விட்டு விழுந்தது. நாலு மாதம் தினம் தினம் பார்த்த பழுது இது. ஊசி கீழே இறங்கி மேலேறும்போது லூப்பர் என்கிற வளைந்த கம்பி வந்து நூலை வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே லூப்பர் தாமதமாக வந்தது. அதைக் கழற்றாமலே திருகைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசியும் லூப்பரும் சந்திக்கிற இடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். ஒரு தடவை தப்பியது. இரண்டாவது தடவையும் தப்பியது. மூன்றாவது தடவை நூல் சரியாக மாட்டிக்கொண்டது.

இதற்குள் இரண்டு மெஷின் தள்ளி, நிதிஷ் என்ற பையன் கையைத் தூக்கிவிட்டான். அவளுடன் பயிற்சியில் படித்தவன், கெட்டிக்காரன். அவன் டெய்லர் உட்கார்ந்து பத்துப் பீஸை ஓட்டி, "ஓடுதுங்க சார்" என்று சொல்லியும் ஆகிவிட்டது. இருபத்திரண்டு நிமிஷம்.

வினிதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த கனத்த துணித் துண்டு ஒன்றை எடுத்து அவசரமாக ஓட்டினாள். தையல் விடாமல் விழுந்தது. அவளும் கையைத் தூக்கினாள். இருபத்தைந்து நிமிஷம்.

மேனேஜர் துண்டை வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்குதே," என்றார். "விஜயாக்கா, உக்காருங்க."

விஜயகுமாரி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் வேறு ஆளாகிப் போனாள். முதுகு நிமிர்ந்தது. மெல்லிய வெள்ளைத் துணியில் இரண்டு தோள் பாகத்தைச் சேர்த்து வைத்து, பெடலை ஒரே மிதி. சர்ரென்று முதல் பீஸ் வந்து விழுந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். கனத்த துணியில் தெரியாத குறை இதில் தெரிந்தது, தையல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டாவது பீஸும் அப்படியே. மூன்றாவதை அவள் ஓட்டவில்லை.

மகளைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள்.

"இல்லீங்க சார்," என்றாள். "தையல் லூஸா வருதுங்க. இது ஓடாதுங்க."

வினிதாவுக்குக் காது இரண்டும் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. பெத்த அம்மாளா இப்படிச் சொல்லுது? இரண்டு பீஸ்தானே, கண்ணை மூடிக்கொண்டு மிச்ச எட்டையும் ஓட்டினால் என்ன? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன. அப்பாவிடம் நாலு மாதம் பொய் சொல்ல மனசு வந்த அம்மாவுக்கு, இங்கே ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லையே என்று நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அம்மாவை அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

"அடச்சே, டென்ஷன் திருகத் தெரியாதா பாப்பா?" என்றார் முருகவேல். "நாலு குமிழ் இருக்குதல்ல முன்னால. திருகு."

ஓவர்லாக் மெஷினின் முன்பக்கத்தில் வரிசையாக நாலு குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழும் ஒரு நூலை இறுக்கிப் பிடிக்கும். வினிதா திருகினாள். அம்மா இன்னொரு பீஸ் ஓட்டி இழுத்தாள். அதே பிளந்த வாய். இன்னும் திருகினாள். கடைசி வரை திருகியாயிற்று, இனி நகர இடமில்லை. தையல் அப்போதும் லூஸ்தான்.

"அண்ணா, நீங்க இதுல எதாச்சும் கை வெச்சீங்களா?"

"நான் லூப்பரைத் தவிர ஒண்ணையும் தொடலை," என்றார் முருகவேல். இப்போது அவர் நெற்றியும் சுருங்கியது. "திருகுனா இறுகோணுமே..."

பதினொரு நிமிஷம் பாக்கி இருந்தது. பக்கத்தில் இன்னொரு பையனும் முடித்துவிட்டு எழுந்தான். வினிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நாலு நூலையும் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்த்தாள். குமிழை அவ்வளவு இறுக்கியும், நாலுமே பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒரு குமிழ் கெட்டுப்போகலாம். நாலும் ஒட்டுக்காகக் கெடுமா? அப்படியென்றால் நாலுக்கும் பொதுவாக ஏதோ நடந்திருக்கிறது.

முதல் குமிழை முழுசாகக் கழற்றினாள். உள்ளே ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்குப் பின்னால், காசு போல இரண்டு சின்னத் தகடு. நூல் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடும். தகடுகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டிக்கொண்டு, இரண்டையும் சேரவிடாமல் விலக்கிப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தன வாசனை கம்மென்று வந்தது.

வினிதா மெல்ல நிமிர்ந்தாள். "அக்கா," என்றாள். "ஆயுத பூஜைக்கு இந்த மெஷினுக்குப் பொட்டு வெச்சது ஆருங்க?"

விஜயகுமாரியின் கை தன்னால் வாய்க்குப் போனது.

"நாந்தான் கண்ணு," என்றாள் ஈனஸ்வரத்தில். "எல்லாரும் மெஷின் தலையில ஒரே ஒரு பொட்டு வெச்சாங்க. பதினெட்டு வருஷமாச் சோறு போடற மெஷினாச்சே, ஒண்ணு பத்துமான்னு, நாலு குமிழுக்கும் நாலு வெச்சேன். பன்னீரு வேற நெம்ப ஊத்திக் கொழைச்சுட்டேன். உள்ள ஓடிருச்சாட்ட இருக்குது."

அடுத்த விநாடி முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், முப்பது டெய்லர்களும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஹெட் மெக்கானிக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார். லீவில் மெஷினே ஓடாததால், விஜயகுமாரியின் பக்தி இரண்டு நாளாக அங்கே யாருக்கும் தெரியாமல் இறுகிக் கிடந்திருக்கிறது.

வினிதா சிரிக்கவில்லை, அவளுக்கு ஏழு நிமிஷம்தான் இருந்தது. நாலு குமிழையும் கழற்றி, எட்டுத் தகட்டையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினாள். நூல் கோத்தாள்.

"மறுக்கா உக்காருங்க்கா."

விஜயகுமாரி உட்கார்ந்தாள். முதல் பீஸ். இழுத்தாள். தையல் கிண்ணென்று இருந்தது. இரண்டு, மூன்று, நாலு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். எட்டு, ஒன்பது. பத்தாவது பீஸை எடுத்து, முட்டியில் மாட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். ஒரு கண்ணி கூட அசையவில்லை.

"ஓடுதுங்க சார்," என்றாள் விஜயகுமாரி. "வாங்குன புதுசுல கூட இது இப்படி ஓடலீங்க."

முப்பத்தொன்பது நிமிஷம்.

மேனேஜர் கையிலிருந்த தாளையும் முருகவேலையும் மாறி மாறிப் பார்த்தார். "நிதிஷ் இருபத்திரண்டு நிமிஷம். இந்தப் பொண்ணு முப்பத்தொன்பது. நீங்க என்னங்க சொல்றீங்க?"

வினிதாவும் முருகவேலைப் பார்த்தாள். நேரக் கணக்குப் பார்த்தால் அவளுக்கு இடமில்லை. காலையிலிருந்து தன்னைப் பாப்பா என்று கூப்பிடுகிற மனிதரிடம் போயா இதைக் கேட்க வேண்டும்?

முருகவேல் ஒரு தகட்டில் மிச்சமிருந்த மஞ்சள் தூளைச் சுண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நான் வெச்ச பழுதை அஞ்சு பேர் கண்டுபுடிச்சுட்டாங்க சார்," என்றார். "நான் வெக்காத பழுதை இந்தப் பொண்ணு கண்டுபுடிச்சிருக்குது. எனக்கே தோணலை, இறுக்கு இறுக்குன்னுதான் சொன்னேன். எனக்கு நாளைக்கு லைன்ல வர்றதெல்லாம் ஆரும் வெக்காத பழுதுதான். எனக்கு இவங்க வேணும்."

பாப்பா போய் 'இவங்க' ஆகிவிட்டதை வினிதா கவனித்தாள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. நிதிஷ் முதல் ஆளாக வந்து கை கொடுத்தான். அவனை இரண்டாம் யூனிட்டுக்குப் பார்க்கலாம், நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்று மேனேஜர் சொன்னதும் அவன் முகமும் விரிந்தது.

ஆபீஸ் மேஜையில் விண்ணப்பத்தைப் பிரித்த மேனேஜர், ஒரு வரியில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார்.

"அம்மா பேரு விஜயகுமாரி, மங்கலம்," என்று படித்தார். கண்ணாடி வழியே லைனைப் பார்த்தார். "எந்த விஜயகுமாரிங்க?"

கதவருகில் நின்ற விஜயகுமாரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தானுங்க சார். என்ற புள்ளைதானுங்க. சொன்னாச் சிபாரிசுன்னு ஆயிருமுன்னு சொல்லலீங்க."

முருகவேல் வாயைப் பிளந்தார். "ஏனுங்க்கா, சொந்தப் புள்ளையவா ஓடாதுன்னு சொன்னீங்க?"

"புள்ளை ஊட்டுலீங்க," என்றாள் விஜயகுமாரி. "இங்க மெஷின் ஓடோணுமல்லங்க."

வினிதாவுக்கு மறுபடியும் கண்ணில் நீர் முட்டியது. கால் மணி நேரத்துக்கு முன்னால் அம்மாவைப் பிடிக்காமல் போனதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. அம்மா அந்த இரண்டு பீஸைப் பொறுத்துப் போயிருந்தால், தன் கெட்டிக்காரத்தனம் அந்த லூப்பரோடு நின்றுபோயிருக்கும் என்பது அவளுக்குப் புரிந்தது. கிரீஸ் கையோடு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சேலையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. அம்மா அதைப் பார்த்தும் திட்டவில்லை.

"இன்னிக்கே சேர்ந்துக்குங்க," என்றார் மேனேஜர். "மத்தியானத்துல இருந்து ரெண்டாவது லைன் உங்க பொறுப்பு. முருகவேல், டூல்ஸ் பை குடுங்க."

நீல நிறக் கோட்டும், கனமான ஒரு பையும் வந்தன. கோட்டு அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரியது. கைப்பகுதியை மடித்துவிட்டுக்கொண்டு லைனுக்குள் இறங்கினாள். டெய்லர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு வருஷமாக அப்பாவைப் போலவே கல்யாண வீடுகளில் ஒளிந்து ஒளிந்து நின்றவள், அன்றைக்கு நட்டநடு லைனில் முப்பது பேர் பார்க்க நடந்தாள். நன்றாகவே நடந்தாள்.

அப்போது கைப்பேசி அடித்தது. அப்பா.

வினிதாவுக்கு நடை நின்றுவிட்டது. ஏழாம் நம்பரிலிருந்து அம்மாவும் பார்த்துவிட்டாள், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"எங்க கம்பெனியில கரண்ட் இல்ல, லீவு உட்டுட்டாங்க," என்றார் சென்னியப்பன். குரல் விசித்திரமாக அமைதியாக இருந்தது. "உன்னையக் கூட்டிட்டுப் போலாமுன்னு கோச்சிங் சென்டருக்கு வந்தேன். வினிதான்னு இங்க ஒரு புள்ளையே படிக்கலையாமா. நாலு மாசமாப் படிக்கலையாமா. நீ எங்க இருக்கறே?"

லைப்ரரி என்று சொல்லலாம், தோழி வீடு என்று சொல்லலாம். நாலு மாதப் பழக்கத்தில் பொய்கள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"வேலையில இருக்கேனுங்கப்பா."

"என்ன வேலை? எந்தக் கம்பெனி?"

சொன்னாள். ஒளிக்காமல் இரண்டையும் சொன்னாள்.

"அது உங்கம்மா கம்பெனியாச்சே," என்றார் சென்னியப்பன் மெதுவாக. "அப்ப அவளுக்கும் தெரியுமா?"

வினிதா ஏழாம் நம்பர் பக்கம் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அங்கயே இருங்க. நான் வர்றேன்."

லைனின் கடைசியில் ஒரு மெஷின் கடக்கென்று நின்றது. பீகாரிலிருந்து வந்த டெய்லர் பெண் எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். நீலக் கோட்டைக் கண்டதும் கையை உயர்த்தி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மெக்கானிக் தீதி" என்று கூப்பிட்டாள். தீதி என்றால் இந்தியில் அக்கா.

அது போனிலும் கேட்டிருக்க வேண்டும்.

"அங்க ஆரைக் கூப்படறாங்க?" என்றார் அப்பா.

"என்னையத்தானுங்கப்பா," என்றாள் வினிதா. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "மெஷின் நின்னு போச்சு, நான் போகோணும். நீங்க வாங்க. கேட்டுல ஆரைப் பாக்கோணும்னு கேப்பாங்க. மெக்கானிக் வினிதாவைன்னு சொல்லுங்க."